அன்றன்று வேண்டிய உணவு: விலைவாசியும் நம் அடுப்படியும்

ஆண்டவர் இயேசு கற்றுத்தந்த செபத்தில் ஏழு மன்றாட்டுகள் உள்ளன. அவற்றில் நம் உடலின் தேவையை நேரடியாகக் குறிப்பிடுவது ஒன்றே ஒன்றுதான். அது உணவுக்கான மன்றாட்டு (மத் 6:11). ஆண்டு முழுமைக்கும் வேண்டிய உணவை அங்கே நாம் கேட்பதில்லை. அன்றைய நாளுக்கு வேண்டியதையே கேட்கிறோம். 'எனக்கு' என்றும் கேட்பதில்லை, 'எங்களுக்கு' என்று கேட்கிறோம். இந்தச் சிறிய மன்றாட்டைச் செபித்துவிட்டுக் கடைக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம், எதை வாங்குகிறது, எப்படிச் சமைக்கிறது, எதை வீணாக்குகிறது என்பது விசுவாசத்தோடு தொடர்பில்லாத காரியம் அல்ல. விலைவாசி நம் அனைவரையும் அலைக்கழித்துவரும் இந்நாள்களில் இதைப் பற்றிச் சற்று அமர்ந்து சிந்திப்பது நல்லது.

விலை இறங்கியது, செலவு இறங்கியதா?

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நம் இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிச் சென்றது. சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டும் நிலைமை சீராகவில்லை. 2024 அக்டோபரில் நாட்டின் உணவுப் பொருள் விலையேற்றம் 10.87 விழுக்காட்டை எட்டியது. பிறகு காற்று திசை மாறியது. 2025 அக்டோபரில் அதே கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே, 5.02 விழுக்காடு சரிவாகப் பதிவாயிற்று. காய்கறியும் பருப்பும் முந்தைய ஆண்டைவிட மலிவாகக் கிடைத்தன.

அப்படியானால் நம் குடும்பங்களின் மளிகைச் செலவும் அதே அளவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 'அப்படி ஒன்றும் குறையவில்லையே' என்பதுதான் பல வீடுகளிலிருந்து வரும் பதில். இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, சரிவு என்பது முந்தைய ஆண்டின் உச்சத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. மலையுச்சியிலிருந்து சில படிகள் இறங்கியவன் தரைக்கு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மேலும் எல்லாப் பொருளும் இறங்கவில்லை. நம் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் அதன் இறக்குமதி வரி உயர்த்தப்பட்டது. 2025 மே மாத இறுதியில் கச்சா எண்ணெய் வகைகளுக்கான அடிப்படை வரி 20 விழுக்காட்டிலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டபோதும், அந்த ஆண்டு முழுவதும் எண்ணெய் விலை ஏறியே நின்றது. சமையல் எரிவாயு சிலிண்டர் விலையும் 2025 ஏப்ரலில் 50 ரூபாய் கூடியது.

இரண்டாவது, கூலி வேலை செய்வோரின் வருமானம் விலையேறும்போது ஏறுவதில்லை. விலையேறிய மாதங்களில் வாங்கிய கடனுக்கு, விலை இறங்கிய மாதங்களிலும் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. நம் கடற்கரைப் பங்குகளை நினைத்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வருமானம் நின்றுபோகும் அந்த இரண்டு மாதங்களுக்கும் அடுப்பு எரியத்தானே வேண்டும்?

மூன்றாவது காரணம்தான் நாம் அதிகம் சிந்திக்க வேண்டியது. விலைகள் மாறியதைவிட, நாம் வாங்கும் பொருள்கள் மாறியிருக்கின்றன.

கணக்கு சொல்லும் உண்மை

மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2023 ஆகஸ்டு முதல் 2024 ஜூலை வரை குடும்பச் செலவுகளைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. அதன்படி ஒரு நபருக்கான மாதச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய். இதில் கிராமத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடும், நகரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடும் உணவுக்கே போகின்றன. உணவுச் செலவில் முதலிடம் பிடித்திருப்பது அரிசி அல்ல, பால் அல்ல, காய்கறியும் அல்ல. பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்தப்பட்ட உணவுகள் என்ற பிரிவுதான். கிராமத்தில் மொத்தச் செலவில் 9.84 விழுக்காடும் நகரத்தில் 11.09 விழுக்காடும் இதற்கே செல்கின்றன.

இதை நம் வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். நகரத்தில் நான்கு பேர் கொண்ட சராசரிக் குடும்பத்தின் மாதச் செலவு சுமார் 28,000 ரூபாய். அதில் ஏறக்குறைய 3,100 ரூபாய் பாக்கெட்டுகளுக்கும் பாட்டில்களுக்கும் கடைப் பலகாரங்களுக்கும் போகிறது. ஆண்டுக்கு 37,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவோ, வட்டிக்கடையில் இருக்கும் நகையை மீட்கும் தொகையாகவோ இது இருந்திருக்கலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட், மிக்சர் போன்ற பலவற்றுக்கும் ஜி.எஸ்.டி. வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நெய், வெண்ணெய் ஆகியவற்றுக்கும் அப்படியே. வரி குறைப்பு நல்லதுதான். ஆனால் மலிவானது எல்லாம் தேவையானது ஆகிவிடாது. பையில் அடைக்காமல் சில்லறையாக எடைபோட்டு விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும், சந்தையில் வாங்கும் கீரைக்கும் காய்க்கும் வரியே இல்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

பணத்தோடு இந்த இழப்பு முடிந்துவிடுவதில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. நோய்க்குக் காரணங்கள் பல உண்டு, உணவு அவற்றுள் முக்கியமானது. மளிகைக் கடையில் தவறாகச் செலவிட்டதற்கு, மருந்துக் கடையில் இன்னொரு முறை செலவிடுகிறோம். எது உண்மையான உணவோ அதற்கு அல்லாமல் வேறெதற்கோ பணத்தைச் செலவிடுவது ஏன் என்று இறைவாக்கினர் எசாயா அன்றே கேட்டார் (எசா 55:2). அந்தக் கேள்வி நம் மாதாந்திரப் பட்டியலையும் பார்த்துக் கேட்கப்படுகிறது.

விவிலியத்தின் அடுப்படி

விவிலியத்தில் இறைவன் பல நேரங்களில் அடுப்படி வழியாகவே பேசுகிறார். பாலைநிலத்தில் மன்னாவைப் பொழிந்த ஆண்டவர், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேகரிக்கச் சொன்னார். பேராசையால் மிச்சம் பிடித்து வைத்தவர்களின் மன்னா புழுவைத்து நாறியது (விப 16:20). அதே வேளையில் ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் இரு மடங்கு சேகரிக்கச் சொன்னவரும் அவரே. ஆகவே முன்யோசனையோடு சேர்த்து வைப்பது பாவமல்ல, தேவைக்கு மேல் குவித்து அழுக விடுவதுதான் தவறு. இன்று நம் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டைத் திறந்து பார்த்தால், பாலைநிலத்து மன்னாவின் கதை அங்கே தொடர்வதைக் காணலாம்.

சாரிபாத் ஊர்க் கைம்பெண்ணிடம் இருந்தது கையளவு மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் (1 அர 17:12). அந்தக் கொஞ்சத்திலும் ஒரு விருந்தினருக்குப் பங்கு கிடைத்தது. நீதிமொழிகள் நூல் புகழும் மனைத்தலைவி, தொலைவிலிருந்தும் நல்ல உணவுப் பொருளைத் தேடிக் கொண்டுவருகிறவள், விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு உணவு தருகிறவள் (நீமொ 31:14-15). உயிர்த்த ஆண்டவரே திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பில் மீன் சுட்டுத் தம் சீடர்களுக்குக் காலை உணவு தந்தார் (யோவா 21:9-13). சமையல் தாழ்ந்த வேலை என்றோ, அது பெண்களுக்கு மட்டுமே உரியது என்றோ இதன் பிறகும் ஒரு கிறிஸ்தவர் எப்படிச் சொல்ல முடியும்?

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த புதுமையில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு பகுதி உண்டு. ஐந்து அப்பங்களைப் பெருகச் செய்ய வல்லவர், மீந்த துண்டுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் ஒன்றும் வீணாகாதபடி அவற்றைச் சேர்க்கச் சொன்னார் (யோவா 6:12). பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. தாராளமும் சிக்கனமும் ஒரே இதயத்தில் வாழ முடியும் என்பதை இங்கே நமக்குக் காட்டுகிறார் ஆண்டவர்.

வாங்கும் ஞானம்

பருவம் அறிந்து வாங்குவது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற முதல் பாடம். மாசி, பங்குனி மாதங்களில் புதுப் புளியும், மல்லியும், மிளகாய் வற்றலும் சந்தைக்கு வரும். அப்போது ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கிக் காயவைத்து, மிளகாய்த்தூளும் சாம்பார்த்தூளும் அரைத்து வைத்தால், மாதந்தோறும் சிறு பாக்கெட்டுகளாக வாங்கும் செலவு மிச்சம். கலப்படம் பற்றிய அச்சமும் இல்லை. தக்காளி மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் தொக்கு செய்துவைத்தால், விலையேறும் மாதங்களில் கை கொடுக்கும். மொத்தமாக வாங்கப் பணமில்லாத குடும்பங்கள், அன்பியத்தில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எங்கே வாங்குகிறோம் என்பது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இயங்குகிறது. இடைத்தரகர் இல்லாததால் விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் நன்மை. ரேஷன் கடையில் அரிசி விலையின்றியும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. அங்கே வரிசையில் நிற்பது கௌரவக் குறைவு என்று நினைத்து, வெளியே பல மடங்கு விலைகொடுத்துக் கடன்படுவதில் என்ன கௌரவம்? வசதி உள்ளவர்கள் அந்த அரிசியை வாங்கி மாட்டுக்கும் கோழிக்கும் போடுவதும், பணத்துக்கு விற்பதும் ஏழையின் உரிமையில் கைவைப்பதாகும் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மூன்றாவது, பட்டியல் எழுதாமல் கடைக்குப் போகக் கூடாது. வீட்டில் இருப்பதைப் பார்த்து, இல்லாததை மட்டும் எழுத வேண்டும். பெரிய கடைகளில் கண்ணுக்கு நேரான அடுக்கில் இருப்பது பெரும்பாலும் நமக்கு வேண்டியதல்ல, அவர்கள் விற்க விரும்புவது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற அறிவிப்பைக் கண்டால், காலாவதி நாளைப் பாருங்கள். பாக்கெட்டின் மொத்த விலையைப் பார்க்காமல் கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று பாருங்கள். அதையும் அச்சிட வேண்டும் என்பது இப்போது விதி. அலைபேசியில் ஒரு தட்டு தட்டினால் பணம் போய்விடும் இக்காலத்தில், கையிலிருந்து நோட்டு குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே அன்றாடச் செலவை ஒரு சிறு நோட்டில் எழுதும் பழக்கம் முன்பைவிட இப்போது அவசியமாகிறது.

நான்காவது, மலிவானதில் சத்தானதைத் தேடுவது. நெய்மீனின் விலையில் கால் பங்குக்கும் குறைவாகக்கூடக் கிடைக்கும் சாளையும், நெத்திலியும் சத்தில் சிறிதும் குறைந்தவை அல்ல. கொல்லையிலோ பக்கத்து வீட்டிலோ நிற்கும் முருங்கையின் கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பரங்கிக்காய், தட்டைப்பயறு, கேழ்வரகு எல்லாம் ஏழையின் உணவு என்று நாம் ஒதுக்கியவை. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, அதே கேழ்வரகு அழகிய டப்பாக்களில் அதிக விலைக்கு வருகிறது. டப்பாவை விட்டுவிட்டுத் தானியத்தை வாங்குவோம்.

சமைக்கும் ஞானம்

ஓர் எளிய எடுத்துக்காட்டு: இட்லி மாவு. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஊறவைத்து அரைத்தால், ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ மாவு கிடைக்கும். ரேஷன் புழுங்கல் அரிசியையே பயன்படுத்தும் வீடுகளில் செலவு உளுந்துக்கு மட்டும்தான். கடையில் வாங்கும் மாவுப் பாக்கெட்டின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் இருமுறை மாவு வாங்கும் குடும்பத்துக்கு மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சும்.

கடலை, பயறு வகைகளை முந்தின இரவே ஊறவைத்தால் எரிவாயு மிச்சமாகும். மாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாக்கெட் நொறுக்குக்குப் பதிலாகச் சுண்டலோ, வேர்க்கடலையோ, அவலோ கொடுக்கலாம். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு லிட்டருக்கு மேல் செலவானால், இதயத்துக்கும் பணப்பைக்கும் ஒருசேரக் கேடு. சோறு மீந்தால் நீரூற்றிப் பழையசோறு, இட்லி மீந்தால் உதிர்த்து உப்புமா, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கள் மீந்தால் கூட்டாஞ்சோறு என்று நம் பாட்டிமார் கண்ட வழிகள் இன்றும் செல்லும்.

தென் மாவட்டங்களில் அந்தோனியார் கோவில்களில் நடக்கும் அசனத்தை நாம் அறிவோம். ஒருவர் அரிசி கொண்டுவருவார், ஒருவர் காய்கறி, ஒருவர் விறகு. வந்ததை வைத்துச் சமைத்து, வந்தவர் அனைவரும் சாதி, வசதி பாராமல் ஒரே பந்தியில் உண்பார்கள். கையில் உள்ளதைக் கொண்டு நிறைவாகச் சமைப்பதும் பகிர்வதும் நம் மரபிலேயே இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் மீதமுள்ள வேலை.

சிக்கனத்தின் சுமை யார் தோளில்?

'வீட்டிலேயே சமையுங்கள்' என்று ஆண்கள் அறிவுரை சொல்வது எளிது. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, வேலைக்கும் போய், மாலையில் திரும்பி மீண்டும் அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணிடம் 'கடையில் ஏன் மாவு வாங்கினாய்?' என்று கேட்பது நீதியல்ல. பாக்கெட் உணவு நம் வீடுகளுக்குள் நுழைந்ததற்குச் சோம்பல் மட்டுமே காரணமல்ல, நேரமின்மையும் சோர்வும் பெரிய காரணங்கள். ஆகவே சிக்கனமான சமையல் என்பது பகிர்ந்து செய்யும் சமையலாக இருந்தால்தான் நிலைக்கும். கணவர் காய் நறுக்கட்டும், மகன் மாவு அரைக்கட்டும், மகள் கணக்கு எழுதட்டும்.

இன்னொரு வேதனையான உண்மையும் உண்டு. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல்! எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைத் தின்னும் தாயின் கதை இந்த எண்ணுக்குள் இருக்கிறது. தாயின் தட்டிலிருந்து எடுத்துச் செய்யும் மிச்சம் சிக்கனமே அல்ல. வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து, செபித்து, இருப்பதைச் சமமாகப் பகிர்ந்து உண்ணும் வழக்கம் ஒரு பக்திச் செயல் மட்டுமல்ல, அது மருந்தும்கூட.

சிக்கனமா, கஞ்சத்தனமா?

தலைச்சுமையாகக் கீரை விற்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, குளிரூட்டிய கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவது சிக்கனம் ஆகாது. அறுவடையில் வயலோரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடும்படி ஆண்டவர் இஸ்ரயேலுக்குக் கட்டளையிட்டார் (லேவி 19:9-10). நம் செலவுக் கணக்கிலும் அப்படி ஓர் ஓரம் இருக்க வேண்டும்.

நம் கொண்டாட்டங்களையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மாதமெல்லாம் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பம், பிள்ளையின் புதுநன்மைக்கும், திருமுழுக்குக்கும் கடன் வாங்கி மண்டப விருந்து வைக்கிறது. இலையில் பாதி அப்படியே குப்பைக்குப் போகிறது. நற்கருணை ஆண்டவரை முதன்முறையாகப் பெறும் நாளில் உணவு வீணாவது எவ்வளவு பெரிய முரண்பாடு! ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 55 கிலோ. மறுபுறம், 2024இல் 67 கோடிக்கும் மேற்பட்டோர் உலகில் பசியால் வாடினர்.

உணவை எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்று 2013 ஜூன் 5 அன்று தம் புதன் மறைக்கல்வி உரையில் எடுத்துரைத்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலிலும் அதையே வலியுறுத்தினார். அவருக்குப் பின் வந்த திருத்தந்தை 14ஆம் லியோ, 2025 அக்டோபர் 16 உலக உணவு நாளன்று உரோமையிலுள்ள ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்கே நேரில் சென்று பசியால் வாடுவோருக்காகக் குரல்கொடுத்தார். திருச்சபையின் தலைமை இதை இவ்வளவு முக்கியமாகக் கருதும்போது, பங்கு மக்களாகிய நாம் இதை வெறும் வீட்டு விவகாரம் என்று ஒதுக்க முடியாது.

அடுப்படியிலிருந்து பீடத்துக்கு

ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைக்கும் பிடியரிசிப் பழக்கம் முன்பு நம் வீடுகள் பலவற்றில் இருந்தது. அதைக் கோவிலுக்கோ, வறியவருக்கோ கொடுப்பார்கள். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீடும் பட்டினி கிடந்ததில்லை. இன்று அதை மீண்டும் தொடங்கலாம். வீட்டில் சமைத்ததால் இந்த மாதம் மிச்சமான தொகையில் ஒரு பகுதியைப் பங்கிலுள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபை வழியாக ஒரு முதியவருக்கோ, வேலையிழந்த ஒரு குடும்பத்துக்கோ கொடுக்கலாம். அப்போது நம் சிக்கனம் தவமாகவும் தருமமாகவும் மாறும்.

இந்த வாரம் அன்பியக் கூட்டத்திலோ, குடும்ப செபம் முடிந்த பிறகோ மூன்று கேள்விகளைப் பற்றி உரையாடலாம். சென்ற மாதம் நாம் வாங்கிய பாக்கெட் உணவுகளுக்கு எவ்வளவு செலவானது? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார், அவருக்குப் போதுமான உணவு கிடைக்கிறதா? நம் தெருவில் இன்று அடுப்பு எரியாத வீடு எது?

திருப்பலியில் நாம் ஒப்புக்கொடுக்கும் அப்பம் நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன். நம் அடுப்படியில் வேகும் சோறும் அப்படியே. அதை நன்றியோடு வாங்கி, அன்போடு சமைத்து, ஒன்றும் வீணாகாமல் பகிர்ந்து உண்ணும் வீட்டில், எம்மாவு சீடர்களோடு அமர்ந்தவர் நம்மோடும் பந்தி அமர்வார். சிந்திப்போம், இன்றைய சமையலிலிருந்தே செயல்படத் தொடங்குவோம்.